நட்சத்திரம் தெரியும், பாதம் தெரியுமா?

சந்நிதியில் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்கிறார். வீட்டிலுள்ள அத்தனை பேருடைய நட்சத்திரத்தையும் ராசியையும் ஒரு தடுமாற்றமும் இன்றி ஒப்பிக்கும் பாட்டிமார்கள் ஊருக்கு ஊர் உண்டு. பேரன் உத்திரம், கன்னி ராசி. பேத்தி மூலம், தனுசு ராசி. மருமகள் அவிட்டம், கும்ப ராசி. ஆனால், எந்தப் பாதம் என்று யாரேனும் கேட்டுவிட்டால் அவர்களிலும் பலர் தயங்குவர். அர்ச்சனைக்குப் பாதம் தேவைப்படுவதில்லை. அதனால் அது நினைவிலிருந்து நழுவிவிட்டது. ஜாதகத்துக்கோ அதுவே உயிர்நிலை. பெண்ணின் ஜாதகம் பொருந்தவில்லை என்று பிள்ளை வீட்டார் திருப்பி அனுப்பும்போது காதில் விழும் காரணங்கள் சிலவே: மூல நட்சத்திரம், செவ்வாய் தோஷம், நீச கிரகம். இந்த மூன்றிலும் பாதத்தைப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது என்பதே பழைய நூல்களின் நிலை.

ராசி மண்டலம் 360 பாகை. அதை 27 நட்சத்திரங்கள் பங்கிட்டுக்கொள்ளும்போது ஒவ்வொன்றுக்கும் 13 பாகை 20 கலை கிடைக்கிறது. அதில் நான்கில் ஒன்று, அதாவது 3 பாகை 20 கலை, ஒரு பாதம். மொத்தம் 108 பாதங்கள். இதே மண்டலத்தைப் பன்னிரண்டு ராசிகளாகப் பிரித்து, ஒவ்வொரு ராசியையும் ஒன்பதாகக் கூறு போட்டால் அப்போதும் 108 பங்குகளே வருகின்றன. ஒவ்வொன்றும் அதே 3 பாகை 20 கலை. இந்த ஒன்பதில் ஒரு பங்குக்குத்தான் நவாம்சம் என்று பெயர். நட்சத்திரத்தின் வழியே போனால் பாதம். ராசியின் வழியே போனால் நவாம்சம். இரண்டும் ஒன்றே.

ஜாதகப் புத்தகத்தில் ராசிக் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வரையப்பட்டிருப்பதை எல்லோரும் பார்த்திருப்பர். நடுவில் 'அம்சம்' அல்லது 'நவாம்சம்' என்று எழுதியிருக்கும். பலரும் முதல் கட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டாவது ஏதோ ஜோதிடருக்கு மட்டும் உரிய கணக்கு என்ற எண்ணம். பராசரர் பெயரால் வழங்கும் ஹோரா சாஸ்திரம் ஒரு ராசியைப் பகுத்துப் பார்க்கும் வகைகள் பதினாறு என்கிறது. ராசியை ஒன்றாகவும் நவாம்சத்தை மற்றொன்றாகவும் கழித்தால் மிச்சம் பதினான்கு. அவை கணிதருடைய ஏட்டிலேயே தங்கிவிட்டன. நவாம்சம் ஒன்றுக்கே ஒவ்வொரு வீட்டு ஜாதகத்திலும் ராசிக்குச் சமமான இடம் கொடுக்கப்பட்டது. வாழ்க்கைத் துணையைப் பற்றி அறிய நவாம்சத்தைக் காண்க என்பதும் அந்நூலின் விதியே. கல்யாணப் பேச்சில் அந்தக் கட்டத்தையே விட்டுவிடுவது எப்படிப் பொருந்தும்?

விரல் விட்டு எண்ணலாம்

ஒரு பாதம் எந்த நவாம்சத்தில் விழும் என்று அறியக் கணினி வேண்டியதில்லை. அசுவினி, பரணி, கார்த்திகை ஆகிய மூன்றின் பன்னிரண்டு பாதங்களும் மேஷம் முதல் மீனம் வரை வரிசையாக நிரம்பிவிடுகின்றன. நான்காவதான ரோகிணியில் மறுபடியும் மேஷத்திலிருந்து தொடங்கும். எனவே நட்சத்திரங்கள் மூன்று கூட்டமாக அமைகின்றன. அசுவினி, ரோகிணி, புனர்பூசம், மகம், அஸ்தம், விசாகம், மூலம், திருவோணம், பூரட்டாதி இவற்றின் முதல் பாதம் மேஷத்தில் தொடங்கும். பரணி, மிருகசீரிடம், பூசம், பூரம், சித்திரை, அனுஷம், பூராடம், அவிட்டம், உத்திரட்டாதி இவற்றுக்குச் சிம்மத்தில் தொடக்கம். எஞ்சிய கார்த்திகை, திருவாதிரை, ஆயில்யம், உத்திரம், சுவாதி, கேட்டை, உத்திராடம், சதயம், ரேவதி ஆகியவற்றுக்குத் தனுசில். பூரம் இரண்டாம் பாதம் என்றால் சிம்மம், கன்னி என்று எண்ணிக் கன்னி நவாம்சம். சுவாதி மூன்றாம் பாதம் என்றால் தனுசு, மகரம், கும்பம். மத்தியானப் பொழுதில் பேரப் பிள்ளைகளை உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுக்கக்கூடிய எளிய கணக்குத்தான்.

சந்திரன் ஒரு பாதத்தைக் கடக்க ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். சூரியனுக்கு மூன்று நாளும் சற்று அதிகமும். சனிக்குச் சராசரியாக மூன்று மாதத்துக்கு மேல். ஆகவே ஒரே நாளில் பிறந்த இரண்டு குழந்தைகளுக்கு நட்சத்திரம் ஒன்றாகவே இருந்தாலும் பாதம் வேறாகலாம். சந்திரன் நிற்கும் நவாம்சமும் அதனால் மாறிவிடும்.

மூலத்தில் பிறந்த பெண்

ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்ற பழமொழியால் தமிழ்நாட்டில் எத்தனை பெண்களுடைய கல்யாணம் தள்ளிப் போயிற்று என்பதற்குக் கணக்கே இல்லை. ஆனி மூலம், பின் மூலம் என்றிருந்ததே வாய்க்கு வாய் மாறி இப்படி ஆயிற்று என்று சொல்லும் பெரியோர் உண்டு. அதில் ஒரு நியாயமும் தெரிகிறது. ஆனியில் சூரியன் மிதுனத்தில் இருப்பார். மூலம் அதற்கு நேர் எதிரே தனுசில் உள்ளது. ஆகவே ஆனி மாதத்து மூலம் பௌர்ணமியை ஒட்டியே வரும். சந்திரன் நிறைந்த பலத்தோடு இருப்பான். பழமொழியின் பழைய வடிவம் எதுவானாலும், ஆண் பெண் என்ற பேதத்தை வைத்து ஒரு நட்சத்திரத்தையே ஒதுக்கி வைக்க அது போதிய ஆதாரம் அன்று.

முகூர்த்த நூல்கள் மூலத்துக்குத் தோஷம் கூறுவது உண்மையே. ஆனால் முதல் பாதத்துக்கு என்று வரம்பு கட்டித்தான் கூறுகின்றன. அதற்குக் காரணமும் இருக்கிறது. ராசி மண்டலத்தில் ராசியும் நட்சத்திரமும் ஒரே புள்ளியில் ஒருசேர முடிந்து, அடுத்த ராசியும் அடுத்த நட்சத்திரமும் ஒருசேரத் தொடங்கும் இடங்கள் மூன்று: கேட்டை முடிந்து மூலம் பிறக்கும் இடம், ஆயில்யம் முடிந்து மகம் பிறக்கும் இடம், ரேவதி முடிந்து அசுவினி பிறக்கும் இடம். இந்தச் சந்திகளுக்குக் கண்டாந்தம் என்று பெயர். சந்தியை ஒட்டிய பகுதிக்கு உரிய எச்சரிக்கை அது. மூலத்தின் இரண்டு, மூன்று, நான்காம் பாதங்கள் அந்தச் சந்தியைத் தாண்டிவிட்டவை. விசாகத்துக்கும் இப்படியே, இளைய மைத்துனனுக்கு ஆகாது என்பது நான்காம் பாதத்தைக் குறித்தே எழுந்த பேச்சு. நாளடைவில் பாதம் மறந்துபோய், பழி மட்டும் நட்சத்திரம் முழுவதன் மீதும் படிந்துவிட்டது.

நவராத்திரியில் கலைமகளை வீட்டில் ஆவாகனம் செய்ய முன்னோர் தேர்ந்தெடுத்த நட்சத்திரம் எது? மூலம்தான். சொல்லின் செல்வனான ஆஞ்சநேயருக்கு மார்கழி மூலம். மணவாள மாமுனிகளுக்கு ஐப்பசி மூலம். மூல நாளில் சரஸ்வதியை வீட்டுக்குள் வரவேற்று மணையில் அமர்த்தும் குடும்பம், மூலத்தில் பிறந்த மருமகளை வாசலிலேயே நிறுத்துவது விந்தை.

ஏழில் செவ்வாய் நின்ற திருஜாதகம்

பல இல்லங்களின் பூஜை அறையில் ஸ்ரீராமபிரானின் ஜாதகம் சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கிறது. பூப்போட்டு வணங்குகிறார்கள், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பவர் சிலரே. வால்மீகி முனிவர் பால காண்டத்தில் கூறும் செய்திகள் இவை: கடக லக்னம், லக்னத்தில் குருவும் சந்திரனும் சேர்க்கை, அதிதி தேவதைக்குரிய புனர்பூச நட்சத்திரம், ஐந்து கிரகங்கள் உச்சம். அந்த ஐந்தும் சூரியன், செவ்வாய், குரு, சுக்கிரன், சனி என உரையாசிரியர்கள் கொள்வர். செவ்வாய்க்கு உச்ச வீடு மகரம். கடகத்திலிருந்து எண்ணினால் மகரம் ஏழாம் வீடு.

லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்பது எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம். அந்தச் சூத்திரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இன்றைய தரகர் ஒருவர் அயோத்திக்குப் போயிருந்தால் ராமபிரானின் ஜாதகத்தையும் 'செவ்வாய் தோஷக் கட்டு' ஒன்றில் சேர்த்திருப்பார். அந்தச் சூத்திரம் எவ்வளவு அகன்ற வலை என்பதையும் யோசிக்க வேண்டும். லக்னத்திலிருந்து மட்டும் பார்த்தாலே பன்னிரண்டு வீடுகளில் ஐந்து அதற்குள் அடங்கிவிடுகின்றன. சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ண ஆரம்பித்தால், ஏதேனும் ஒரு கணக்கில் செவ்வாய் அகப்படாத ஜாதகமே அரிது. அதனால்தான் பெரியோர்கள் விதியோடு விலக்குகளையும் சேர்த்தே வைத்தார்கள். செவ்வாய் ஆட்சியிலோ உச்சத்திலோ இருந்தால் தோஷம் நீங்கும். குருவின் பார்வை பெற்றால் நீங்கும். கடக, சிம்ம லக்னத்தாருக்குச் செவ்வாய் யோககாரகன் ஆதலால் தோஷம் செய்யான். ராமபிரானின் ஜாதகத்தில் மூன்று விலக்குகளும் ஒருங்கே உள்ளன: செவ்வாய் உச்சம், லக்னம் கடகம், லக்னத்தில் அமர்ந்த குரு ஏழாம் பார்வையாக அதே செவ்வாயைப் பார்க்கிறார்.

பிராட்டியைப் பிரிந்த துயரத்தை அந்த ஏழாமிடத்துச் செவ்வாயின் மேல் ஏற்றிச் சொல்லும் ஜோதிடர்களும் இல்லாமல் இல்லை. ராமாயணம் அப்படிச் சொல்லவில்லை. கைகேயியின் வரம், ராவணனின் வஞ்சனை, அவதாரத்தின் நோக்கம் என்று காவியம் காட்டும் காரணங்கள் வேறு. பிரிவைக் காட்டுகிறவர்கள், பிராட்டிக்காகக் கடலில் அணை கட்டிய அன்பை எந்தக் கட்டத்தில் கண்டு சொல்வார்கள்?

இந்தத் திருஜாதகத்தில் பாதத்தைப் பற்றிய நுட்பம் ஒன்றும் மறைந்திருக்கிறது. புனர்பூசத்தின் முதல் மூன்று பாதங்கள் மிதுன ராசியில் உள்ளன. நான்காம் பாதம் மட்டுமே கடகத்தில். சந்திரன் கடகத்தில் குருவோடு இருந்தான் என்றால் அது நான்காம் பாதமாகத்தான் இருக்க முடியும். புனர்பூசத்தின் பாதங்கள் மேஷத்தில் தொடங்குபவை: மேஷம், ரிஷபம், மிதுனம், கடகம். ஆக, ராசியிலும் கடகம், நவாம்சத்திலும் கடகம். வால்மீகி பாதத்தைச் சொல்லாமலே பாதம் விளங்கிவிடுகிறது.

இப்படி ஒரு கிரகம் இரண்டு கட்டங்களிலும் ஒரே ராசியில் நிற்பதற்கு வர்க்கோத்தமம் என்று பெயர். சர ராசிகளில் முதல் பங்கு, ஸ்திர ராசிகளில் ஐந்தாம் பங்கு, உபய ராசிகளில் ஒன்பதாம் பங்கு என்று வராகமிகிரர் பிருகத் ஜாதகத்தில் இதன் இலக்கணத்தை வகுத்திருக்கிறார். 108 பாதங்களில் பன்னிரண்டு மட்டுமே இந்தத் தகுதி உடையவை. புனர்பூசத்தின் 3, 4. சித்திரையின் 2, 3. உத்திராடத்தின் 1, 2 ஆகியவை அவற்றில் ஆறு. மற்ற ஆறு: அசுவினி 1, ரோகிணி 2, பூரம் 1, அனுஷம் 4, சதயம் 3, ரேவதி 4. வர்க்கோத்தமம் பெற்ற கிரகம் ஆட்சி பெற்றதற்கு நிகரான பலம் உடையது என்பது ஜோதிடர்களின் கொள்கை. ராசிக் கட்டத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே வழியில்லை.

மகரத்துச் செவ்வாய்க்கே திரும்புவோம். உத்திராடம் இரண்டாம் பாதத்தில் நின்றால் நவாம்சமும் மகரம். இரு கட்டத்திலும் உச்சம். திருவோணம் நான்காம் பாதத்தில் நின்றால் நவாம்சம் கடகம்; ராசியில் உச்சம், அம்சத்தில் நீசம். கடகத்தில் நீசமாகி நிற்கும் செவ்வாய் ஆயில்யம் இரண்டாம் பாதத்தில் இருந்தால், அம்சத்தில் மகரம் ஏறி உச்சம் பெற்றுவிடுகிறது. வெளியிலிருந்து பார்க்கும்போது ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு ஜாதகங்களின் செவ்வாய் உள்ளே எவ்வளவு வேறுபடுகிறது! வைத்தீஸ்வரன் கோயிலில் அங்காரகன் சந்நிதிக்குக் குடும்பத்தோடு போய் வணங்குவது நல்ல வழக்கம்தான். ஆனால் இல்லாத தோஷத்துக்குப் பயந்து வணங்குவதற்கும் இறைவனிடம் அன்பு கொண்டு வணங்குவதற்கும் வேறுபாடு உண்டு.

ஐப்பசிக் குழந்தைகள்

துலாத்தில் சூரியன் நீசம். ஐப்பசி மாதம் முழுவதும் சூரியன் துலாத்தில்தான் சஞ்சரிக்கிறார். அப்படியானால் ஐப்பசியில் பிறந்த அத்தனை பேருக்கும் தந்தை வழி, அரசு வழி நன்மை எதுவும் இல்லையா? அப்படி ஒரு விபரீதத்தை எந்த நூலும் சொல்லவில்லை. ஐப்பசி ஏறத்தாழ 21ஆம் தேதி முதல் மூன்று நாள் சூரியன் விசாகம் முதல் பாதத்தில் இருப்பார். அதன் நவாம்சம் மேஷம், சூரியனின் உச்ச வீடு. அந்த நாட்களில் பிறந்தவருக்கு ராசியில் உள்ள நீசம் அம்சத்தில் மாறிவிடுகிறது. இதற்கு மேலும், நீசமான கிரகம் நின்ற ராசியின் அதிபதி லக்னத்துக்கோ சந்திரனுக்கோ கேந்திரத்தில் இருந்தால் நீசபங்கம் என்று மந்திரேசுவரரின் பலதீபிகை முதலிய நூல்கள் கூறுகின்றன. துலாத்தின் அதிபதி சுக்கிரன். அவர் எங்கே இருக்கிறார் என்று பார்க்காமல் சூரியனை நீசம் என்று சொல்லி ஜாதகத்தை மூடிவிடக் கூடாது.

இதன் மறுபக்கம் சித்திரையில் இருக்கிறது. மேஷத்தில் சூரியன் உச்சம். ஆனால் சித்திரை மாதம் 21ஆம் தேதியை ஒட்டி அவர் பரணி மூன்றாம் பாதத்தில் நுழையும்போது நவாம்சம் துலாம், நீச வீடு. அக்கினி நட்சத்திரம் தொடங்குவதும் அதே பாதத்தில்தான். வெயில் உச்சந்தலையைப் பிளக்கும் அந்த நாட்களில் சூரியன் அம்சத்தில் நீசமாக இருக்கிறார் என்பது கேட்பவருக்கு வியப்பாக இருக்கும்.

நாழிகையும் பஞ்சாங்கமும்

இவ்வளவு நுட்பம் பார்க்க வேண்டுமானால் பிறந்த நேரம் சரியாக இருக்க வேண்டும். லக்னம் ஒரு ராசியைக் கடக்கச் சராசரியாக ஐந்து நாழிகை, அதாவது இரண்டு மணி நேரம். அதில் ஒன்பதில் ஒரு பங்குக்குப் பதின்மூன்று நிமிடமே. இரட்டைக் குழந்தைகளுக்கு ராசிக் கட்டம் அச்சாக ஒன்றாக இருக்கும். கால் மணி நேர இடைவெளியில் பிறந்திருந்தால் அம்சத்தில் லக்னம் மாறிவிடும். சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் தீர்க்கரேகை வேறுபாட்டால் ஏற்படும் நேர வித்தியாசமும் ஏறக்குறைய அதே பதின்மூன்று நிமிடம்தான். கோவையில் பிறந்த குழந்தைக்குச் சென்னையை ஊராக வைத்துக் கணித்தால் நவாம்ச லக்னம் ஒரு வீடு தள்ளிப்போக இடமுண்டு.

பஞ்சாங்கம் இன்னொரு சிக்கல். பழைய வாக்கியங்களைக் கொண்டு கணிப்பது வாக்கியம். வானில் கிரகங்கள் காணப்படும் நிலைக்கேற்பத் திருத்திக் கணிப்பது திருக்கணிதம். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரியார் 19ஆம் நூற்றாண்டிலேயே இவ்வகைத் திருத்தப் பஞ்சாங்கத்தை வெளியிட்டவர். இரண்டுக்கும் உள்ள இடைவெளி சாமானியமானது அன்று. 2025 மார்ச் 29 அன்று திருக்கணிதப்படி சனி மீனத்துக்குப் பெயர்ந்தபோது, வாக்கிய முறையைப் பின்பற்றும் திருநள்ளாறு ஆலயம் அங்கே பெயர்ச்சி 2026இல்தான் என்று அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் பிறந்த குழந்தைக்கு ஒரு பஞ்சாங்கத்தில் சனி மீனம், மற்றதில் கும்பம். ராசியே மாறும்போது அம்சத்தைப் பற்றிக் கேட்க வேண்டுமா?

தசை இருப்பிலும் இது எதிரொலிக்கும். பரணியிலோ பூரத்திலோ பூராடத்திலோ பிறந்தவருக்கு முதலில் சுக்கிர தசை, இருபது ஆண்டுகள். நட்சத்திரம் அறுபது நாழிகை என்று வைத்துக்கொண்டால் ஒரு நாழிகைக்கு நான்கு மாதம். இரு பஞ்சாங்கங்களில் நட்சத்திரம் முடியும் நேரம் மூன்று நாழிகை வேறுபட்டாலும் தசை முடியும் காலம் ஓராண்டு தள்ளிப்போகும். பெண்ணின் ஜாதகம் வாக்கியத்திலும் பிள்ளையின் ஜாதகம் திருக்கணிதத்திலும் கணிக்கப்பட்டிருக்க, இரண்டையும் அருகருகே வைத்துத் தசா சந்தி பார்ப்பது, ஒரு கையில் படியும் மறு கையில் கிலோவும் வைத்துக்கொண்டு அரிசி அளப்பது போலாகும். இரண்டையும் ஒரே முறையில் புதிதாகக் கணிக்கச் செய்த பிறகே பொருத்தம் பார்க்க உட்கார வேண்டும்.

மஞ்சள் தடவிய பழைய ஜாதக நோட்டுகளில் உதயாதி நாழிகை எழுதியிருக்கும். எந்தப் பஞ்சாங்கம், எந்த ஊர் என்பது பெரும்பாலும் எழுதப்பட்டிராது. எழுதியவர் உள்ளூர்க்காரர், எல்லோருக்கும் தெரியும் என்று விட்டிருப்பார். அந்தத் தலைமுறையில் இன்னும் இருக்கும் பெரியவர்கள், பேரன் பேத்திகளின் நோட்டை ஒருமுறை எடுத்துப் பார்த்து, பிறந்த ஊரையும் பஞ்சாங்கத்தின் பெயரையும் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் பாதத்தையும் பேனாவால் எழுதி வைக்கலாம். மருத்துவமனையில் கொடுத்த சீட்டு கிடைத்தால் அதில் உள்ள மணியையும் நிமிடத்தையும் அப்படியே பெயர்த்து எழுதிக்கொள்ள வேண்டும். ஐந்து பத்து நிமிடம் முன்பின்னாக முழுமை செய்துவிடக் கூடாது.